உட்காருங்க மேடம்

புடவைக் கடையில் யாராவது என்னை உட்காரச் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கால் கூசும். மரியாதைக்குத்தான் சொல்கிறார்கள், தெரியும். நானே நாள் முழுக்கச் சொன்ன வார்த்தைதான் அது. சொல்லிவிட்டு நாங்கள் நிற்போம், அவர்கள் உட்காருவார்கள், நடுவில் புடவைகள் கிடக்கும்.

கல்யாணத்துக்கு முன்பு சில வருஷங்கள் திருவள்ளூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் வேலை செய்தேன். ஊத்துக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். நைனா ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் அவரே என்னைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிடுவார். கடையில் சேர்ந்த புதிதில் கீழ்த்தளத்தில் துண்டு, லுங்கி. பிறகு முதல் மாடியில் காட்டன். அப்புறம்தான் இரண்டாவது மாடியில் பட்டு. பட்டு செக்‌ஷனுக்கு ஏறுவது என்பது எங்களுக்கு லேசுப்பட்ட விஷயம் இல்லை. அங்கே ஏசி உண்டு. அங்கே வருகிறவர்கள் கல்யாணத்துக்கு வருகிறவர்கள், கொஞ்சம் சிரித்த முகமாக வருவார்கள். நானும் என் தோழியும் ஒரே வாரத்தில் பட்டுக்கு ஏறினோம். அன்றைக்கு அவள் கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பை இரண்டு பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது.

ஏசி உண்டே தவிர உட்காரக் கூடாது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்களுக்கும் ஸ்டூல் வந்தது. முதல் நாள் அதில் உட்கார்ந்த பெண்ணை சூப்பர்வைசர் பார்த்த பார்வையில் மறுநாளிலிருந்து ஸ்டூல்மேல் அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்துகொண்டன. சாப்பாட்டுக்கு பேட்ச் பேட்ச்சாக அனுப்புவார்கள். உன் பேட்ச் வரும்போது உன் முன்னால் கஸ்டமர் உட்கார்ந்திருந்தால் தீர்ந்தது. அவர்கள் எழுந்து போகும்வரை நகரக் கூடாது. அவர்கள் எழுந்திருப்பதற்குள் கேன்டீன் மூடிவிடும். சாயங்கால டீயோடு வரும் பிஸ்கெட்தான் பிறகு கதி.

கஸ்டமர்களைப் பற்றி நாங்கள் பேசாத பேச்சில்லை. விரல் சொடுக்கிக் கூப்பிடுகிறவர்கள், 'ஏய்' என்கிறவர்கள், நம் முகத்தையே பார்க்காமல் புடவையிடம் பேசுகிறவர்கள். அத்தனையையும் கலைத்துப் போட்டுவிட்டு "சும்மா பாக்கலாம்னு வந்தோம்" என்று போகிறவர்களை நாங்கள் திட்டவே மாட்டோம். பார்க்க வந்தவர்களுக்குக் காட்டத்தானே சம்பளம். ஆனால் நம் ஊரில் எதிரில் வருகிற யாரையும் 'சாப்டியா' என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. பால்காரரைக் கேட்போம், கரண்ட் பில் எடுக்க வருகிறவரைக் கேட்போம். கடையில் நிற்கிற பெண்ணை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒரே ஒருமுறை பேரப்பிள்ளைக்குப் பாவாடை எடுக்க வந்த ஓர் அம்மா என் தோழியிடம், "மணி ஆவுதே, சாப்டியாம்மா?" என்று கேட்டார். அதை அவள் எங்களிடம் எத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிந்தாள் என்று கணக்கே இல்லை. நாங்கள் கேலி செய்தோம். பொறாமையில்தான்.

எனக்கு வரன் வந்தது கும்மிடிப்பூண்டியிலிருந்து. மாப்பிள்ளை அங்கே ஒரு கம்பெனியில் பர்மனென்ட். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் பக்கத்தில் என்ன மதிப்பு என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கான்ட்ராக்டில் போய்வருகிறவர்கள் நிறைய, பர்மனென்ட் கொஞ்சம். இரண்டு தலைமுறைக்கு முன்னால் அவர்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள்தான். அவர்கள் கொஞ்சம் முன்னால் கரையேறிவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை மாப்பிள்ளையின் அம்மா ஒருநாளும் மறந்ததில்லை.

தரகர் நைனாவிடம் வந்து முதலிலேயே சொல்லிவிட்டார். "அந்தம்மாவுக்கு கடையில நிக்கிற பொண்ணு ஆவாது. வர்றவன் போறவன் எல்லாம் மூஞ்சியப் பாக்கற வேலன்னு சொல்லுது. ஆபீஸ் வேலன்னா சரி."

நைனா ஒரு பொய் சொன்னார். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் ஆபீஸ் வேலை பார்க்கிறேன் என்று. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்கிறார்கள், இவர் ஒன்றுதானே சொன்னார். பெண் பார்க்க வருவதற்கு முன்பே நான் கடையை விட்டு நின்றுவிட்டேன். யார் கேட்டாலும் காக்களூர் என்று சொல்லப் பழகினேன். அந்த எஸ்டேட்டுக்குள் ஒருநாள்கூட நான் போனதில்லை. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி, "கம்பெனில கேன்டீன் சாப்பாடு நல்லா இருக்குமா?" என்று கேட்டதற்கு, "சுமாரா இருக்கும்" என்றேன். அதுவரைக்கும் வண்டி ஓடியது.

முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. காஞ்சிபுரம் போவதாகத்தான் பேச்சு. நான் நிம்மதியாக இருந்தேன். புடவை எடுக்கும் நாள் காலையில் வேன் வந்தது. அதில் மாப்பிள்ளையின் அம்மா, பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்திருந்த அவருடைய அக்கா, இன்னும் சில பெண்கள். மாப்பிள்ளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், வரவில்லை. நானும் நைனாவும் ஏறிக்கொண்டோம். அம்மாவுக்குக் காய்ச்சல், வீட்டில் படுத்திருந்தாள்.

வேன் கிளம்பிய பிறகு அத்தை சொன்னார். மாப்பிள்ளையின் அம்மாவை அப்போதே அத்தை என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "காஞ்சிபுரம் இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போய்க்கினு. அக்காவுக்கு வண்டில ஒக்காந்தா தல சுத்துது. திருவள்ளூர்லயே பெரிய கட கீதே, அங்க எடுத்துக்கலாம்."

திருவள்ளூரில் பெரிய கடை என்று சொல்ல எத்தனை இருக்கிறது. நான் நைனாவைப் பார்த்தேன். அவர் முன்சீட்டில் கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து மட்டும் வேர்த்திருந்தது. "அத்தே, ராசியான கட காஞ்சிபுரத்துல ஒண்ணு கீதுன்னு சொன்னீங்களே" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "எல்லாக் கடையும் ராசிதாம்மா" என்றார். வேனில் நடு சீட்டில், இரண்டு பக்கமும் சம்பந்தி வீட்டுப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருக்க, வயிறு வலிக்கிறது என்று சொல்லலாமா, வாந்தி வருகிறது என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நல்ல காரியத்துக்குப் போகும்போது கல்யாணப் பெண் அப்படிச் சொன்னால் அது வேறு சகுனமாகிவிடும். வேன் நின்றது. எந்தக் கடை என்று நிமிர்ந்து பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. வாசலில் அடிக்கும் ஊதுபத்தி வாசனையே சொல்லிவிட்டது.

வாட்ச்மேன் தாத்தா கதவைத் திறந்தார். என்னைத் தினமும் காலையில் பையைத் திறந்து காட்டச் சொன்ன அதே ஆள். என்னைப் பார்த்தார், என் தலையில் இருந்த பூவைப் பார்த்தார், சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "வாங்கம்மா, வாங்க" என்று எல்லாரையும் போலத்தான் என்னையும் கூப்பிட்டார். லிஃப்டில் இருந்த பெண் என்னோடு ஒரே பஸ்ஸில் வந்தவள். "எந்த செக்‌ஷன் மேடம்?" என்று என்னைக் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அத்தை பட்டு என்று சொல்லிவிட்டார்.

எனக்கு இன்றுவரை ஆச்சரியம் அதுதான். நான் யாரிடமும் கண் ஜாடைகூடக் காட்டவில்லை. கல்யாணக் கூட்டத்தோடு தலை குனிந்து வருகிறாள் என்றால் ஏதோ இருக்கிறது என்று அவர்களே புரிந்துகொண்டார்கள். அந்த மாடி முழுக்க எனக்குத் தெரிந்த முகங்கள். ஒருத்திகூட என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை, ஒருத்தியும் சிரிக்கவில்லை. பட்டு கவுன்ட்டரில் என் தோழி நின்றிருந்தாள். இரண்டு கையையும் கூப்பி, "உட்காருங்க மேடம்" என்றாள்.

உட்கார்ந்தேன். அந்த நாற்காலியில் அத்தனை வருஷத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. துடைத்திருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தால் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கிறவர்களின் இடுப்புக்கு மேலேதான் தெரிகிறது, காலே தெரியவில்லை. அந்தக் கால்கள் எந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று எனக்கல்லவா தெரியும்.

நைனாவை ஆண்களுக்கான சோஃபாவில் உட்காரவைத்து ரோஸ் மில்க் கொடுத்தார்கள். கல்யாண ஜவுளிக்கு அது உண்டு. அவர் டம்ளரைக் கையில் பிடித்தபடியே இருந்தார், குடிக்கவில்லை.

அத்தை ஆரம்பித்தார். "ஏம்மா, அந்த மேல கீறத எடு. அது இல்ல, பக்கத்துல. கண்ணு தெரியலியா." தோழி எடுத்து விரித்தாள். "இது இன்னா, எழவு கலரு." அடுத்தது. "பார்டர் பத்தாது." அடுத்தது. "இத யாரு கட்டுவா, ஒன்னாட்டம் கடைக்காரப் பொண்ணுங்கதான் கட்டும்." பிடிக்காததை அவர் ஒதுக்கி வைப்பதில்லை, தள்ளிவிடுவார். சில புடவைகள் கவுன்ட்டரைத் தாண்டித் தோழியின் காலடியில் விழுந்தன. அவள் ஒவ்வொரு முறையும் குனிந்து எடுத்தாள். "பரவால்ல மேடம்" என்றாள். அவளுக்கு மூட்டுவலி, குனிந்தால் நிமிர நேரமாகும். எனக்கு அந்த வலியின் ஒவ்வொரு அங்குலமும் தெரிந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அத்தை கெட்டவர் இல்லை. வீட்டில் அவர் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. கடைக்குள் நுழைந்தால்தான் அந்தக் குரல் வரும். ஒருகாலத்தில் அவரும் ஏதோ ஒரு கடை வாசலில் ஓரமாக நின்று, 'இன்னா வேணும்' என்று அலட்சியமாகக் கேட்கப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும். இப்போது கையில் காசு இருக்கிறது, உட்கார நாற்காலி தருகிறார்கள். அந்த நாற்காலியில் எப்படி உட்காருவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இதெல்லாம் இப்போது யோசித்துச் சொல்வது. அன்றைக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போலத்தான் இருந்தது.

பக்கத்து கவுன்ட்டர் பெண்கள் இரண்டு பேர் டிபன் பையை எடுத்துக்கொண்டு போனார்கள். தோழியின் பேட்ச். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அத்தையின் அக்கா, "பச்சையில காட்டு" என்றார்.

"மேடம் மேல வெச்சுக் காட்டட்டுமா?" என்றாள் தோழி. அதற்கு நான் எழுந்து நிற்க வேண்டும், அவள் கவுன்ட்டரைச் சுற்றி வந்து என் மேல் புடவையைச் சுற்ற வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாள். கொசுவம் வைத்துக்கொண்டே என் காதுப் பக்கம் குனிந்தாள்.

"கண்ணாடியப் பாரு. என்னப் பாக்காத."

"உன் பேட்ச் போயிடுச்சு."

"பேசாம நில்லு. எது புடிச்சிருக்கு சொல்லு."

என்னை அன்றைக்கு அதைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். மாப்பிள்ளை வீட்டார் எடுக்கும் புடவையில் பெண்ணுக்கு என்ன அபிப்பிராயம் வேண்டிக்கிடக்கிறது. "நாகப்பழக் கலரு" என்றேன். அலமாரியில் மூன்றாவது தட்டில் மடிப்பாக இருந்ததை உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டிருந்தேன். அடர்ந்த நிறம், மெல்லிய ஜரிகை. கல்யாணத்துக்குக் கறுப்பு கலந்த நிறமா என்பார்கள், தெரியும்.

அவள் என்னைத் திரும்ப நாற்காலியில் உட்காரவைத்தாள், அதை உடனே எடுக்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வித்தை உண்டு. ஒரு புடவை போக வேண்டும் என்றால் அதை முதலில் காட்டக் கூடாது. கண்ணை உறுத்துகிற இரண்டைக் காட்டி, கஸ்டமருக்கு அலுப்பு வந்த நேரத்தில், வேறு எதையோ எடுக்கிற மாதிரி அதை வெளியே இழுத்து, உடனே உள்ளே வைக்கப் போக வேண்டும். தோழி ஒரு கிளிப்பச்சையை விரித்தாள். அத்தை முகம் சுளித்தார். ஒரு ஆரஞ்சை விரித்தாள். அக்காவே சிரித்துவிட்டார். அப்புறம் மேல் தட்டுக்குக் கை நீட்டியவள், நாகப்பழத்தை இடைஞ்சல் போல எடுத்துக் கவுன்ட்டரில் வைத்துவிட்டு, "இது வேணாம் மேடம், வேற காட்டறேன்" என்றாள்.

"ஏன் வேணாம்? அத விரி" என்றார் அத்தை.

விரித்தாள். முந்தி பளபளவென்று கவுன்ட்டரில் இருந்து என் மடிவரை வந்து விழுந்தது. அத்தை தொட்டுப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், என் கன்னத்தோடு வைத்துப் பார்த்தார். "இதான்" என்றார். "நான் வரும்போதே நெனச்சேன், இந்தக் கலருதான் இவளுக்கு எடுப்பா இருக்கும்னு." தோழி பணிவாகத் தலையாட்டினாள். மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ போனது, பதிலுக்குக் கட்டை விரல் வந்தது.

எனக்கு ஒரு சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. எனக்குப் பிடித்த புடவை, என் தோழி கையால். அந்த நிமிஷம் நான் காக்களூரை மறந்தேன், சுற்றி உட்கார்ந்திருந்தவர்களை மறந்தேன். கவுன்ட்டர் முழுக்கப் புடவை குவிந்து கிடந்தது. குவிந்து கிடந்தால் எங்களுக்குப் பொறுக்காது. எழுந்து நின்றேன். எனக்கு முன்னால் கிடந்த ஆரஞ்சை எடுத்தேன். ஒரு முனையை மோவாயில் அழுத்திக்கொண்டு, பார்டரும் பார்டரும் சேர ஓர் இழுப்பு இழுத்து, முழங்கையில் தட்டி, முந்தி மேலே தெரிகிற மாதிரி மடித்து, விலைச்சீட்டை வெளிப்பக்கம் திருப்பி வைத்து, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். பிறகு அடுத்ததை எடுத்தேன்.

வீட்டில் யாரும் அப்படி மடிப்பதில்லை. வீட்டில் முந்தி உள்ளே போகும். விலைச்சீட்டு வீட்டுப் புடவைக்கு ஏது.

பேச்சு நின்றது எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. நிமிர்ந்தேன். அத்தை என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எங்க கத்துக்கின?"

சோஃபாவில் நைனா டம்ளரைக் கீழே வைத்தார். என் கையில் பாதி மடித்த கிளிப்பச்சை. அதை வைக்கவும் தெரியவில்லை, மடித்து முடிக்கவும் தெரியவில்லை.

தோழிதான் முந்திக்கொண்டாள். "நான்தான் மேடம் ஒரு கை குடுங்கன்னு கேட்டேன். எப்பிடி மடிக்கறதுன்னு இப்பதான் காட்டிக் குடுத்தேன்."

அத்தை அதை நம்பினாரா இல்லையா, எனக்குத் தெரியாது. ஆனால் கோபம் போக ஓர் இடம் கிடைத்துவிட்டது. "கல்யாணப் பொண்ணு கையில வேல வாங்குவியா நீ? முகூர்த்தப் பொடவ எடுக்க வந்த எடத்துல? ஒனக்கு சம்பளம் குடுக்கறாங்களா, அவளுக்குக் குடுக்கறாங்களா?" என்று சொல்லி, விரலைச் சொடுக்கி சூப்பர்வைசரைக் கூப்பிட்டார்.

வந்த சூப்பர்வைசர் புதிது. நான் நின்ற பிறகு சேர்ந்தவர், என்னைத் தெரியாது. விஷயத்தைக் கேட்டதும் தோழியைப் பார்த்த பார்வை மட்டும் பழைய சூப்பர்வைசருடையது. "மேடம்கிட்ட மன்னிப்புக் கேளு" என்றார். அவள் கை கூப்பினாள். "மன்னிச்சிடுங்க மேடம்." அவர் விடவில்லை. "பட்டுக்கு நீ லாயக்கில்ல. நாளையிலேருந்து குடோனுக்குப் போ."

குடோன் என்றால் மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. நாள் முழுக்க பண்டல் பிரிப்பது, பண்டல் கட்டுவது. அங்கே அனுப்பப்பட்டவர்கள் திரும்பக் கீழே இறங்கியதை நான் பார்த்ததில்லை. இரண்டு மூன்று மாசத்தில் அவர்களாகவே நின்றுவிடுவார்கள்.

நைனா என்னைப் பார்த்தார். வாய் திறக்காதே என்று அந்தக் கண் கெஞ்சியது. அவர் எனக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னார். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தாயிற்று. நான் வாயைத் திறந்தால் என் கல்யாணம் நிற்கும். திறக்காவிட்டால் இவள் வேலை போகும். தப்பிக்க ஒரு சந்து பொந்து இல்லை. அந்த நாற்காலிகளும் கண்ணாடிகளும் என்மேல் சாய்ந்துகொண்டு வருவது போல இருந்தது.

"அத்தே" என்றேன். "இந்தக் கடையில நான் வேல செஞ்சேன். இதே கவுன்ட்டர்ல. காக்களூர்லாம் இல்ல. கை தானா மடிச்சிடுச்சு. அவ என்ன எதுவும் கேக்கல."

நான் உண்மையைச் சொல்லிவிட்டால் தோழி தப்பித்துவிடுவாள் என்று நினைத்தேன், பைத்தியக்காரி. சூப்பர்வைசர் அவள் பக்கம் திரும்பினார். "அப்போ கஸ்டமர்கிட்ட பொய் வேற சொல்றியா நீ?"

இந்தப் பக்கம் போனாலும் அடி, அந்தப் பக்கம் போனாலும் அடி. தோழி என்னைப் பார்த்தாள். எதுக்குடி சொன்ன என்று அந்தப் பார்வை கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அப்போதுதான் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பது உறைத்தது. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம். இந்தப் பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ன சொன்னாலும் அந்தக் கடையில் நடக்கும், அதை எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்.

"சார்" என்றேன். என் குரல் எனக்கே அத்தையின் குரல் போலக் கேட்டது. "இந்தப் பொடவைக்கு இவங்கதான் பில் போடணும். இவங்க இந்த செக்‌ஷன்லயே இருக்கணும். இல்லன்னா எனக்கு இந்தப் பொடவ வேணாம்."

அத்தையின் அக்கா தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். எடுத்த முகூர்த்தப் புடவையைக் கல்யாணப் பெண்ணே வேண்டாம் என்பதா. நைனா எழுந்து நின்றுவிட்டார். சூப்பர்வைசர் என்னை விட்டுவிட்டு அத்தையைப் பார்த்தார், உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. இந்தக் கடையில் நின்ற பெண்தானே, இவள் சொல்லை யார் மதிப்பார்கள் என்கிற சிரிப்பு.

அந்தச் சிரிப்பை அத்தையும் பார்த்துவிட்டார். மெதுவாக எழுந்தார்.

"இன்னா பாத்துகினு கீற?" என்று அவரிடம் கேட்டார். "எங்க ஊட்டுப் பொண்ணு சொல்லிச்சு இல்ல. அந்தப் பொண்ணையே பில்லு போடச் சொல்லு. அடுத்த வாரம் ப்ளவுஸ் பிட்டுக்கு வருவேன். அப்ப அது இங்கதான் நின்னுகினு இருக்கணும்."

"சரிங்க மேடம்" என்றார் சூப்பர்வைசர்.

பிறகு அத்தை நைனா பக்கம் திரும்பினார். குரலே ஏறவில்லை. "மிச்சத்த ஊட்டுக்குப் போய் பேசிக்கலாம் சம்பந்தி."

இரக்கப்பட்டு அவர் அதைச் சொல்லவில்லை. தன் வீட்டுக்கு வரப்போகிறவளின் சொல்லை ஒரு கடைக்காரன் காலில் போட்டு மிதிப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கல்யாணம் நிற்காது என்று தெரிந்துவிட்டது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மாறாகப் பயம்தான் வந்தது. எங்கள் வீட்டுப் பெண் என்று ஊரறியச் சொல்லியாயிற்று, இனி அவர் வீட்டில் வைத்துப் பேசப்போகும் மிச்சத்துக்கு முடிவே இருக்காது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. அது அப்படியேதான் நடந்தது, இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

பில் போட்டாள். புடவையை மடித்துப் பெட்டியில் வைத்து, மஞ்சள் குங்குமம் போட்டு, பையோடு லிஃப்ட் வரை எங்களுக்கு முன்னால் நடந்தாள். கஸ்டமரை லிஃப்ட் வரை கொண்டுவிட வேண்டும் என்பது பட்டு செக்‌ஷனில் விதி. கேன்டீன் பக்கம் விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். மற்றவர்கள் லிஃப்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் பையை வாங்கினேன். எல்லாருக்கும் கேட்கும்படியே கேட்டேன். இனி யாருக்கு ஒளிக்க வேண்டும்.

"சாப்டியாடி?"

அவள் சூப்பர்வைசர் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தாள். இரண்டு கையையும் கூப்பினாள்.

"சாப்டேன் மேடம்" என்றாள்.

லிஃப்டுக்குள்ளிருந்து அத்தை என்னைக் கூப்பிட்டார்.